கூலிப் பேச்சில் அரசு நுழையலாமா? – வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

குறுவை நடவு தொடங்கியதிலிருந்து குறைந்தபட்சக் கூலி பற்றியே பல கடிதங்கள் வந்திருக்கின்றன. நிலம் வைத்திருப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

ஐயா, எனக்கு ஐந்து ஏக்கர் நிலம் உண்டு. நடவுக்கு ஆள் பேசும்போது நான் ஒரு தொகை சொல்கிறேன், வருகிறவர்கள் சரி என்கிறார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. இருவரும் மனமொத்துப் பேசிக்கொண்ட கூலியில் அரசு தலையிட்டு, இதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது அரசியலமைப்பு எனக்குக் கொடுத்துள்ள உரிமைக்கு விரோதம் ஆகாதா?
– திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து ஒரு விவசாயி

இது நேர்மையான கேள்வி. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பஞ்சாலை நிர்வாகம் இதையே உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. அதற்கு முன் சட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் என்ற பெயரில் நம் அரசியலமைப்பில் தனியாக ஓர் அடிப்படை உரிமை கிடையாது. எந்தத் தொழிலையும் வணிகத்தையும் மேற்கொள்ளலாம் என்று பிரிவு 19(1)(ஜி) தரும் உரிமைக்குள்தான் ஆள் வைத்துக்கொள்வதும் கூலி பேசுவதும் அடங்குகின்றன. அந்த உரிமையைப் பொதுமக்கள் நலன் கருதி நியாயமான முறையில் கட்டுப்படுத்தலாம் என்று பிரிவு 19(6) சொல்கிறது. ஆகவே, கட்டுப்பாடு நியாயமானதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

இனி அந்த ஆலையின் கதைக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி, ராஜஸ்தானத்தை அடுத்து அப்போது தனி மாநிலமாக இருந்த அஜ்மீரில், ஆலைத் தொழிலாளிக்கு மாதம் 56 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பிஜய் காட்டன் மில்ஸ் என்ற நிறுவனம், தன்னால் அது முடியாது என்று ஆலையை மூடிவிட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள் நிர்வாகத்திடம் சென்று, 35 ரூபாய் கொடுத்தால் போதும், ஆலையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. தொழிலாளர்கள் சிலரும் தனியாக மனுப் போட்டார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒத்துப்போன பிறகு இடையில் அரசுக்கு என்ன வேலை என்பதே வாதம். உங்கள் கடிதத்தில் இருப்பதைவிட இது ஒரு படி வலுவான வாதம்தான். ஏனென்றால் அங்கே தொழிலாளிகளே நீதிமன்றப் படியேறி வந்து எங்களுக்குக் குறைந்த கூலியே போதும் என்று சொன்னார்கள்.

1954இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. உழைப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை உறுதிசெய்யவும் சுரண்டலிலிருந்து அவர்களைக் காக்கவும் வேண்டுமானால், ஒப்பந்தம் செய்யும் அவர்களுடைய சுதந்திரத்தின் மீதே ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது என்றும், அந்தக் கட்டுப்பாடு எந்த வகையிலும் நியாயமற்றது ஆகாது என்றும் நீதிபதி பி.கே. முகர்ஜியா எழுதினார். வறுமையும் வேறு கதியின்மையும் எந்தக் கூலிக்கும் ஒருவரைச் சம்மதிக்க வைக்கும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இதை உங்கள் வயலிலேயே வைத்துப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் தயார். விடியற்காலையில் தெருமுனையில் பெண்கள் குழுவாக நிற்கிறார்கள். அன்றைக்கு ஒருவர் வேண்டாம் என்று திரும்பினால், அவருடைய இடத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வர இன்னொருவர் இருக்கிறார். அவரும் திரும்பினால் வேறு ஊரிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ ஒரு குழு வண்டியில் வந்து இறங்கும். இப்படியே போனால் அந்தத் தெருமுனையில் யாருடைய வீட்டில் அரிசி முதலில் தீர்ந்ததோ அவர் ஒப்புக்கொள்ளும் தொகைதான் எல்லாருக்கும் கூலியாகிவிடும். சட்டம் அடியில் ஒரு வரம்பு போடுவது இந்தச் சரிவைத் தடுப்பதற்காகத்தான். அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் நீங்களும் அவர்களும் பேசிக்கொள்ளலாம். அந்தப் பேச்சில் அரசு குறுக்கிடுவதில்லை.

ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடும் காண்ட்ராக்ட் நடவு பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாகப் பேசிவிட்டால் நாள் கூலிக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் வேலைகளுக்கும், ஒரு நாளுக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்ற உத்தரவாதத்தைச் சட்டம் விதிக்க முடியும். பேசிய தொகையைக் கைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், பகல் முழுவதும் முதுகு வளைத்துச் சேற்றில் பின்னோக்கி நகர்ந்து நாற்று ஊன்றிய ஒருவருக்கு என்ன கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். மேஸ்திரிக்குப் போவதைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள்.

உங்கள் சிரமத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நெல்லுக்கு விலை வைப்பவர் நீங்கள் அல்லர். உரவிலையும் மேட்டூர்த் தண்ணீரும் உங்கள் கையில் இல்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் வேதனை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நட்டத்தை ஈடுகட்ட உங்கள் கைக்கு எட்டுகிற ஒரே இடம் நடவாளின் கூலி என்று ஆகிவிட்டால், உங்களைவிட எளியவர் அதைச் சுமக்கிறார். கொள்முதல் விலைக்காக நீங்கள் போராடினால் அது முழுக்க நியாயமானது; இந்தப் பகுதியில் அதற்காக எழுத நான் எப்போதும் தயாராக இருக்கிறேன்.

அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டங்களை நீதிமன்றங்கள் ரத்து செய்திருப்பதாகப் பாடத்தில் படித்தோம். ஒரே வாதம் அங்கே வென்று இங்கே தோற்றது எப்படி?
– கும்பகோணத்திலிருந்து சட்டம் படிக்கும் மாணவி

அங்கே வென்றது, பிறகு அங்கேயே தோற்றும் போனது. 1905இல் லாக்னர் வழக்கில், ரொட்டிக் கடைத் தொழிலாளிக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்த நியூயார்க் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உரிய சட்டமுறையின்றி யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் சொல்கிறது. அந்தச் சுதந்திரத்துக்குள் ஒப்பந்தச் சுதந்திரமும் அடங்கும் என்று நீதிபதிகள் பொருள் கொண்டார்கள்.

குறைந்தபட்ச ஊதியத்துக்கு அடி விழுந்தது 1923இல், அட்கின்ஸ் வழக்கில். தலைநகர் வாஷிங்டனில் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த சட்டத்தை எதிர்த்து வந்தவர்களுள் வில்லி லயன்ஸ் என்ற 21 வயதுப் பெண்ணும் ஒருவர். ஓட்டல் ஒன்றில் மின்தூக்கி இயக்குபவர். மாதம் 35 டாலரும் நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் கூலி. சட்டம் சொன்ன கூலி அதைவிட அதிகமானதால் ஓட்டல் அவரை நிறுத்திவிட்டது. எனக்கு அந்தப் பழைய கூலியே போதும், என் வேலையைச் சட்டம் பறித்துவிட்டது என்று அவர் முறையிட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்று சட்டத்தை வீழ்த்தியது. அஜ்மீர்த் தொழிலாளர்கள் சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிகழ்ச்சி ஏறக்குறைய ஒன்று, தீர்ப்புகள் நேர் எதிர். குறைந்த கூலிக்குச் சம்மதிப்பதை ஒரு நீதிமன்றம் சுதந்திரத்தின் அடையாளமாகக் கண்டது, மற்றொன்று அதையே இல்லாமையின் அடையாளமாகக் கண்டது. தேர்வுக்கு இந்த ஒப்பீடு உங்களுக்கு உதவும். தேர்வு முடிந்த பிறகும் மனத்தில் வைத்திருக்கத் தக்கது.

பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்துவந்த எல்சி பாரிஷ் என்ற பெண், வாரம் 48 மணி நேரத்துக்கு மாநிலச் சட்டம் சொன்ன 14.50 டாலர் தனக்குக் கொடுக்கப்படவில்லை என்று, விட்டுப்போன 216.19 டாலரைக் கேட்டு வழக்குப் போட்டார். 1937இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் வென்றார்; அட்கின்ஸ் தீர்ப்பு கைவிடப்பட்டது. அரசியலமைப்பு ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்று தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதினார். முதலாளி கொடுக்காமல் விட்ட கூலியைக் கடைசியில் வரி செலுத்துபவர்கள்தாம் நிவாரணமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் அதே தீர்ப்பில் குறிப்பிட்டார். அந்தக் கருத்து இன்றைக்கும் நம் ஊருக்குப் பொருந்தும்.

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருந்தார்கள். அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்று அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். நலச் சட்டங்களை நீதிபதிகள் வீழ்த்துவதற்கு வழி திறந்துவிட்ட அந்த உரிய சட்டமுறை என்ற சொற்றொடரைச் சேர்க்க வேண்டாம் என்பது அவர் பெற்றுவந்த ஆலோசனை. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் பிரிவு 21இல் அந்தச் சொற்றொடர் இடம்பெறாமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு பக்கம், வாழ்வதற்குப் போதுமான ஊதியம் எல்லாத் தொழிலாளருக்கும், விவசாயத் தொழிலாளருக்கும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்று பிரிவு 43இல் எழுதிவைத்தார்கள். விவசாயத் தொழிலாளர் என்பது அந்தப் பிரிவில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆகையால் இங்கே வழக்கு வந்தபோது நீதிபதிகளின் கையில் இருந்த நூலே வேறாக இருந்தது.

சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். அரசு நிர்ணயிக்கும் ஊதியத்தைக் கொடுக்க என் வருமானம் இடம் தரவில்லை. என் சக்தியைப் பார்க்காமல் நிர்ணயிப்பது செல்லுமா?
– மன்னார்குடி வட்டாரத்திலிருந்து ஓர் ஆலை உரிமையாளர்

செல்லும். கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை உரிமையாளர்கள் தொடுத்த உன்னிச்சோயி வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் சக்தியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று 1961இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதற்கு மேலே உள்ள நியாய ஊதியத்துக்குத்தான் தொழிலின் சக்தி கணக்கில் வரும். குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நீடித்திருக்கும் உரிமை இல்லை என்று 1958இல் கிரவுன் அலுமினியம் வழக்கிலேயே சொல்லப்பட்டது. கடுமையாகத்தான் தோன்றும், ஆனால் பக்கத்து ஆலை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் குறைத்துக் கொடுத்தால், அந்த ஒழுங்கான ஆலைதான் முதலில் நொடிந்துபோகும் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

உங்களுக்கு வழி அறவே அடைபட்டுவிடவில்லை. நிர்ணயிக்கும் முறையில் தவறு இருந்தால், அதாவது உத்தேச விகிதங்களை வெளியிட்டு ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தராமலோ, இரு தரப்பும் இடம்பெறும் குழுவைக் கலக்காமலோ அறிவிக்கை வந்திருந்தால், உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். மைசூர் ஓட்டல்கள் தொடர்பான சந்திர பவன் வழக்கில் அத்தகைய வாதமும் முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அறிவிக்கையைச் செல்லும் என்றே கூறியதோடு, வணிகம் செய்யும் சுதந்திரத்துக்குள் சுரண்டும் சுதந்திரம் அடங்காது என்றும் சொன்னது.

இங்கே என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். முறையில் குறை என்று கூறி ஓர் அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை வாங்கிவிட்டால், வழக்கு முடியும்வரை பழைய கூலியே ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் மனு தள்ளுபடி ஆகும்போது அந்தத் தொழிலாளிகளில் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். நிலுவையைக் கேட்டு வாங்க ஆள் இருக்காது. உண்மையான குறையைச் சுட்டிக்காட்டுவது உங்கள் உரிமை. தாமதத்தை மட்டுமே நம்பி வழக்குப் போடும்படி என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் அதைச் செய்து தருவதில்லை.

எங்கள் மாவட்டத்தில் பண்ணையாள் முறை ஒழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. பசிக்காகத் தானாகவே குறைந்த கூலிக்கு வருபவரைக் கட்டாய உழைப்பாளி என்று சட்டம் அழைக்கிறதாமே, அது பொருந்துமா?
– நாகப்பட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

பொருந்தும் என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் விடை. நம் மாவட்டங்களின் வரலாற்றைத் தெரிந்த ஒருவர் அந்த விடையை எளிதில் ஏற்பார் என்று நம்புகிறேன்.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டுமான வேலைகள் நடந்தன. அப்போது அங்கே குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9.25 ரூபாய். ஆள் பிடித்துக்கொடுத்த ஜமேதார்கள் ஒரு ரூபாயைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு 8.25 ரூபாயைத் தொழிலாளியின் கையில் கொடுத்தார்கள். மக்கள் ஜனநாயக உரிமை அமைப்பு நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. மனிதரை விற்பதையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்யும் பிரிவு 23ஐ அந்தத் தீர்ப்பு விரிவாக ஆராய்ந்தது. கட்டாயம் என்பது தடியாலோ மிரட்டலாலோ மட்டும் வருவதில்லை, பசியும் வறுமையும் வேறு வழியே இல்லாமல் செய்துவிடுவதும் கட்டாயம்தான். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக ஒருவர் உழைக்கிறார் என்றால் அந்தக் கட்டாயத்தால்தான் உழைக்கிறார் என்று கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. பிரிவு 23 அரசை மட்டுமின்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றும் அது தெளிவுபடுத்தியது. அடுத்த ஆண்டே, பஞ்ச நிவாரண வேலைக்கு இந்தக் கூலி பொருந்தாது என்று விலக்கு அளித்த ராஜஸ்தான் சட்டம், சஞ்சித் ராய் வழக்கில் செல்லாமல் போயிற்று. அதுவரை முதலாளிகள் அரசியலமைப்பைக் காட்டிக் கூலிச் சட்டத்தை எதிர்த்தார்கள். இப்போது தொழிலாளி அதே அரசியலமைப்பைக் காட்டிக் குறைந்த கூலியை எதிர்க்க முடிந்தது.

காவிரிப் படுகை இதை வேறு வகையில் முன்பே அறிந்திருந்தது. பண்ணையாள் என்பவர் யாரோ இழுத்து வந்து கட்டிப்போட்ட ஆள் அல்லர். குடியிருந்த மனை மிராசுதாருடையது, வாங்கிய கடன் மிராசுதாருடையது, வேறு வேலை கேட்டுப் போக வேறு வாசல் கிடையாது. பேச்சளவில் அவரும் சம்மதித்துத்தான் உழைத்தார். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் விவசாயிகளையும் பண்ணையாட்களையும் திரட்டிய பிறகுதான் அந்தச் சம்மதத்தின் பொருளைக் கேட்கும் துணிவு சேரிகளில் பிறந்தது. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியில் அரசு தலையிட்டதை எதிர்த்து அன்று எழுந்த குரல்களும், திருத்துறைப்பூண்டி நண்பர் இன்று கேட்பது போன்ற கேள்வியையே கேட்டன.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அதற்கு முன்னால் அங்கே நடந்துகொண்டிருந்தது அறுப்புக் கூலியில் நெல்லளவை உயர்த்திக் கேட்ட போராட்டம். அதன் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. கிழக்குத் தஞ்சைப் பகுதிக்காக 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. கூலியை இரு தரப்பும் தாங்களே பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று அரசு ஒதுங்கி நின்றால், இரு தரப்பின் பலமும் சமமாக இல்லாத ஊரில் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி. பாடம் சொல்லிக்கொடுத்த உங்களைப் போன்றவர்கள் இதை இளைஞர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பண்ணையாள் முறை ஒழிந்தது உண்மை. முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையிலும் வாத்து மேய்ப்பதிலும் குடும்பத்தோடு மாட்டிக்கொள்பவர்களை நம் மாவட்டங்களில் இன்னும் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் முதல் நாளில் சரி என்று சொன்னவர்களே.

கடையில் சேரும்போது, ‘கொடுக்கும் சம்பளத்துக்கு முழு மனத்தோடு சம்மதிக்கிறேன், பின்னால் எதுவும் கோரமாட்டேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இனி நான் எதுவும் கேட்க முடியாதா?
– பாபநாசத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடை ஊழியர்

தாராளமாகக் கேட்கலாம். குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 25 சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் பிரிவு 60இலும் இதே விதி உண்டு. பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த பாதுகாப்பைப் புதிய தொகுப்பு எல்லா வேலைகளுக்கும் விரித்திருக்கிறது.

குறைவாகக் கொடுத்த தொகையைக் கேட்டு விண்ணப்பிக்கப் பழைய சட்டம் ஆறு மாதமே கெடு வைத்திருந்தது. இப்போது மூன்று ஆண்டுகள். நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் முதலாளியுடையது. நீங்களே விண்ணப்பிக்கலாம், சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கமும் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கில் மாதாமாதம் வரவான தொகை, நீங்கள் வேலை பார்த்த நாட்களின் குறிப்பு, உங்கள் வேலைக்கு இப்போது நடப்பில் உள்ள ஊதிய அறிவிக்கை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அந்தத் தாளின் நகல் உங்களிடம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், உங்கள் விண்ணப்பத்துக்கு அது தேவைப்படாது.